வராந்தாவில் ஓடினது நான்தான்: எங்கள் ஊர் நலச் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர், செயலாளர், உறுப்பினர்கள் அனைவருக்கும்,

போன மாதம் மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் போட்டு, 41 பேரிடம் கையெழுத்து வாங்கி, மருத்துவமனையில் கொண்டு கொடுத்தீர்கள். பயிற்சி மாணவிகளைப் பிரசவ அறைக்குள் விடக்கூடாது, நம் ஊர்ப் பெண்களின் பிரசவத்தை டாக்டர்தான் பார்க்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. மனுவின் போட்டோ ஊர் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. அதை எனக்கு அனுப்பியது என் அம்மா, கூடவே ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. நான் என்ன படிக்கிறேன் என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும் என்பதால் அன்று சாயங்காலம் கடைக்குப் போகவே அவருக்குக் கூச்சமாக இருந்ததாம்.

மனு போன நாலாவது நாள் எங்களை வரிசையாக நிற்கவைத்து, மறுபடி சொல்லும்வரை சுவரோரம் நின்று பார்த்தால் போதும், யாரும் கை வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். என் பிரசவக் குறிப்பேட்டில் நானே பார்த்த பிரசவங்களுக்கு 20 கையெழுத்து வேண்டும். 13-இல் நிற்கிறது. இது என் கஷ்டம், அதற்காக மட்டும் என்றால் இந்த மடலை எழுதியிருக்க மாட்டேன். மனுவில் இருக்கிற காரணம் பொய், அதனால்தான் எழுதுகிறேன். பெயர் போடாததற்குக் காரணம் கல்லூரி. உங்களுக்கு நான் யாரென்று தெரியும், ரப்பர் வெட்டுகிறவரின் இரண்டாவது மகள்.

மனுவில் இப்படி இருக்கிறது: அனுபவமில்லாத மாணவி பிள்ளையை இழுத்ததால் குழந்தைக்கு மூச்சு நின்று தீவிர சிகிச்சைக்குக் கொண்டுபோக வேண்டியதாயிற்று, பதறிப்போன அந்த மாணவி வராந்தாவில் ஓடியதைப் பலரும் பார்த்தார்கள்.

ஓடினது நான்தான். பலர் பார்த்ததும் உண்மை. வெளியே பெஞ்சில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள், அதில் இரண்டு பேர் உங்கள் சங்கத்துக்காரர்கள். ஏன் ஓடினேன் என்று இன்றுவரை ஒருத்தரும் என்னிடம் கேட்கவில்லை.

இதை எழுதுவதற்கு முன்னால், அன்று அந்தப் பிள்ளையைப் பெற்ற அக்காவை அவர் வீட்டிலேயே போய்ப் பார்த்தேன். வார்டில் நடப்பதை வெளியே பேசக்கூடாது என்று முதல் வாரத்திலேயே சொல்லிக் கொடுத்துவிடுவார்கள், அவர் சம்மதிக்காமல் ஒரு வரி எழுதியிருக்க மாட்டேன். பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, "எழுது பிள்ளே, எனக்க பேரை மட்டும் போடாத" என்றார்.

அன்று எனக்கு நைட் டியூட்டி. அக்கா வந்தது ஒன்பதரை மணிக்கு. பத்து மணியிலிருந்து நான் அவர் பக்கத்தில்தான். அரை மணிக்கு ஒருமுறை குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்டு எழுத வேண்டும். வயிற்றில் கை வைத்து, பத்து நிமிடத்தில் எத்தனை வலி வருகிறது, ஒவ்வொன்றும் எத்தனை விநாடி நிற்கிறது என்று எண்ண வேண்டும். நாடி, ரத்த அழுத்தம் என்று எல்லாவற்றையும் பார்ட்டோகிராஃப் என்கிற ஒரே தாளில் புள்ளியும் கோடுமாகக் குறிக்க வேண்டும், ஒரு புள்ளி தள்ளிப் போனாலும் காலையில் வாங்கிக் கட்டிக்கொள்வோம். இதற்கு நடுவில் முதுகை நீவி விடுவது, தண்ணீர் கொடுப்பது, "இன்னும் எவ்வளவு நேரம் பிள்ளே" என்று கேட்டால் பொய் சொல்லாமல் பதில் சொல்லப் பார்ப்பது. அறையில் அப்போது நாலு பெண்கள், டியூட்டி சிஸ்டர் ஒருவர். டாக்டர் பக்கத்துத் தியேட்டரில் இன்னொரு தாய்க்கு சிசேரியன் செய்துகொண்டிருந்தார்.

இரண்டு மணி வாக்கில் அக்காவுக்குக் கருப்பை வாய் முழுசாகத் திறந்து, முக்கத் தொடங்கினார். அந்தக் கட்டத்தில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை துடிப்பைக் கேட்க வேண்டும். நிமிடத்துக்கு 110-இலிருந்து 160 வரை இருக்கலாம். 138, 142, 136 என்று வந்துகொண்டிருந்தது திடீரென்று 96. வலி நின்ற பிறகும் ஏறவில்லை. அக்காவை இடது பக்கமாகத் திருப்பிவிட்டு மறுபடி கேட்டேன், 90. சிஸ்டரைக் கூப்பிட்டேன். அவர் ஒருமுறை கேட்டுப் பார்த்துவிட்டு, "தியேட்டர்ல போன் எடுக்க மாட்டாங்க, ஓடு" என்றார். ஓடினேன்.

டாக்டர் வந்து வாக்குவம், அதாவது தலையில் ஒட்டிக்கொள்கிற உறிஞ்சு கிண்ணம், வைத்துக் குழந்தையை எடுத்தார். கழுத்தில் கொடி இரண்டு சுற்று. பிறந்ததும் அழவில்லை. துடைத்து, முதுகைத் தேய்த்துப் பார்த்தும் அழாததால் சிஸ்டர் மாஸ்க் வைத்துப் பையை அமுக்கி மூச்சுக் கொடுத்தார். பிறந்து ஒரு நிமிடத்துக்குள் அதைத் தொடங்கியாக வேண்டும், நான் கடிகாரத்தைப் பார்த்து விநாடி சொல்லிக்கொண்டு நின்றேன். அழுதது. மூன்று நாள் கண்காணிப்பில் வைத்திருந்தார்கள். இப்போது எட்டு வாரம், போன வாரம் போனபோது என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றது.

பிள்ளையை நான் இழுக்கவில்லை, வாக்குவம் வைத்து எடுத்தது டாக்டர். துடிப்பு இறங்கினது உடனே தெரிந்ததற்குக் காரணம், பக்கத்தில் ஒருத்தி உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்ததுதான். நான் கெட்டிக்காரி என்று சொல்ல வரவில்லை, அந்த இடத்தில் என் கூடப் படிக்கிற யார் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். ஒரே சிஸ்டர் நாலு கட்டிலுக்கும் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை போய்க் கேட்க முடியுமா என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் மனு சுவரோரம் நிறுத்தி வைத்திருப்பது அந்தக் காதுகளைத்தான்.

சரி, நான் படிப்பது என்ன என்பதற்கு வருகிறேன், ஏனென்றால் ஊரில் அதுவும் பாதிதான் தெரியும். ஜி.என்.எம். என்றால் ஜெனரல் நர்சிங் அண்ட் மிட்வைஃபரி. "நர்சிங் படிக்குது" என்பதோடு எல்லாரும் நிறுத்திக்கொள்வார்கள். கடைசி வார்த்தையை யாரும் வாயில் எடுப்பதில்லை, என் வீட்டிலும்தான். போன வருடம் ஒரு சம்பந்தம் பேச வந்தவர்கள் இப்போது எந்த வார்டு என்று கேட்டார்கள், லேபர் வார்டு என்றேன். பையனின் அத்தைக்கு முகம் சுருங்கிவிட்டது. "அது மருத்துவச்சி வேலையில்லா? அதுக்கு மூணு வருசம் என்னத்துக்குப் படிப்பு?" அம்மா அவசரமாக, "இல்ல, அடுத்த மாசம் தியேட்டருக்கு மாத்தீருவாங்க" என்று பூசி மெழுகினார். அந்தச் சம்பந்தம் நடக்கவில்லை, அதில் எனக்கு வருத்தமும் இல்லை.

பாஸாகிப் பதிவு செய்தால் எங்களுக்கு இரண்டு பதிவு, செவிலியர் என்று ஒன்று, மகப்பேறு தாதி என்று ஒன்று. மெட்ராஸ் மாகாணத்தில் நர்சுகளுக்கும் மிட்வைஃப்களுக்குமான சட்டம் வந்தது 1926-இல், நம் கன்னியாகுமரி மாவட்டம் அப்போது திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. 2023-இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய புதிய தேசிய ஆணையச் சட்டத்தின் பெயரிலும் நர்சிங், மிட்வைஃபரி இரண்டும் தனித்தனியாக நிற்கின்றன. அப்புறம், 2018 டிசம்பரில் ஒன்றிய அரசு மகப்பேறு தாதியர் சேவைக்கு வழிகாட்டுதல் ஒன்றை வெளியிட்டது. ஏற்கெனவே படித்த நர்சுகளுக்கே மேலும் 18 மாதம் தனியாகப் பயிற்சி கொடுத்து, சிக்கல் இல்லாத பிரசவங்களைத் தாங்களே பொறுப்பேற்றுப் பார்க்கிற மிட்வைஃப்களை உருவாக்குவது அதன் திட்டம். எனக்கும் அதைப் படிக்கத்தான் ஆசை, முதலில் இந்த 20 கையெழுத்து கிடைக்கட்டும்.

"படிக்கிற பிள்ளைகள் பழகிப் பார்க்க நம் வீட்டுப் பெண்களா கிடைத்தார்கள்" என்று குழுவில் ஒரு ஆடியோ சுற்றியது. அதைக் கேட்டபோது கோபம் வந்தது, பிறகு யோசித்தால் கேள்வி நியாயமானதுதான், பதில் சொல்லக் கடமை இருக்கிறது. என் அப்பாவுக்கு வெட்டுப் பழக்கிக் கொடுத்தவர், முறிக்கப் போகிற கிழட்டு மரங்களில்தான் முதலில் கத்தி வைக்க விட்டாராம். பட்டையைத் தாண்டித் தடியில் கத்தி இறங்கினால் அந்த மரத்துக்கு ஆயுசுக்கும் காயம், அதனால் நல்ல மரத்தை ஒருத்தன் கையில் கொடுக்க நாளாகும். எங்களுக்கும் அந்த மாதிரித்தான், கிழட்டு மரத்துக்குப் பதில் பொம்மை. ரப்பர் இடுப்பு, துணியில் செய்த நஞ்சுக்கொடி, பிளாஸ்டிக் பிள்ளை. அதை வைத்து எத்தனை தடவை பிரசவம் பார்த்திருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. அதற்குப் பிறகு வார்டில் வெறுமனே பார்ப்பது, பிறகு சிஸ்டரின் பக்கத்தில் நின்று சாமான் எடுத்துக் கொடுப்பது, பிறகு சிஸ்டரின் கை என் கைக்கு மேலே இருக்க நான் பார்ப்பது. என் 13 பிரசவத்தில் ஒன்றில்கூட நான் தனியாக இருந்ததில்லை. உங்களில் யாரும் உள்ளே வந்து பார்த்ததில்லை, அதனால் ஏதோ எங்களை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் டீ குடிக்கப் போய்விடுவதாக நினைத்திருக்கிறீர்கள் போல.

பிள்ளை வெளியே வந்துவிட்டால் முடிந்தது என்று நினைக்கிறவர்களுக்கு இன்னொன்றும் சொல்கிறேன். பிள்ளை பிறந்த ஒரு நிமிடத்துக்குள் தாய்க்கு, கருப்பையைச் சுருங்க வைக்கிற 10 யூனிட் ஆக்ஸிடோசின் ஊசி. நஞ்சு விழுந்ததும் அதை ஒரு டிரேயில் விரித்துப் போட்டு, துண்டு துண்டாக ஒட்டியிருப்பது எல்லாம் பொருந்துகிறதா, ஏதாவது ஓரிடத்தில் பள்ளம் இருக்கிறதா என்று தடவிப் பார்க்க வேண்டும். ஒரு சின்னத் துண்டு உள்ளே தங்கினாலும் கருப்பை சுருங்காமல் ரத்தம் போய்க்கொண்டே இருக்கும். என் மூன்றாவது பிரசவத்தில் நான் பார்த்துவிட்டுச் சரியாக இருக்கிறது என்றேன். சிஸ்டர் என்னையே பார்த்தார். "இன்னொரு தடவை பாரு." பார்த்தேன், சரி என்றேன். "உனக்க அக்கா கிடக்கான்னு நினைச்சு பாரு." மூன்றாவது தடவை ஓரத்தில் ஒரு பிசிறு கிழிந்திருப்பது தெரிந்தது, சவ்வில் ஒரு பகுதி வரவில்லை. அந்தத் தாய் பிழைத்ததற்கு நான் காரணமில்லை, சிஸ்டருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது, நான் கண்டுபிடிக்கும்வரை என்னை நகரவிடவில்லை. பிறகு இரண்டு மணி நேரம், பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை அடிவயிற்றை அமுக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தேன், கருப்பை சிரட்டை மாதிரி கல்லென்று இருக்க வேண்டும். காலையில் ஹாஸ்டலுக்குப் போய்ச் சாப்பிட உட்கார்ந்தபோது கை தானாகப் போய் என் சாப்பாட்டுத் தட்டின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தது, பக்கத்தில் இருந்தவள் சிரித்தாள். இதைச் சுவரோரம் நின்று எப்படிக் கற்பது, நீங்களே சொல்லுங்கள்.

பிரசவத்தை எல்லாம் டாக்டர்தான் பார்க்க வேண்டும் என்கிறீர்களே, 24 மணி நேரமும் இயங்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களில் இவ்வளவு காலமாகச் சாதாரணப் பிரசவங்களைப் பெரும்பாலும் பார்ப்பது யார் என்று நினைத்தீர்கள்? ஸ்டாஃப் நர்சுகள்தான். அங்கே பெற்ற நம் ஊர் அக்காக்களைக் கேட்டுப் பாருங்கள். சிக்கல் வந்தால் டாக்டர் வேண்டும், சந்தேகமே இல்லை, அந்த இரவில் டாக்டர் இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. சிக்கல் வருகிறதா என்று இராத்திரி முழுக்க உட்கார்ந்து பார்க்கிற வேலை வேறு.

செயலாளர் மாமா, நீங்கள் மன்னிக்க வேண்டும், இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. உங்கள் மகன் வீட்டில் இங்கிலாந்தில் பிள்ளை பிறந்தபோது கடை வாசலில் நின்று எல்லாரிடமும் சொன்னீர்கள், "டாக்டர் எட்டியே பாக்கல்லடே, மிட்வைஃப் ஒருத்தி வந்து அவ்வளவு நல்லா பாத்தா" என்று. அந்த மிட்வைஃபும் ஒரு காலத்தில் மாணவியாக இருந்தவர்தான். அங்கே அந்தப் படிப்பு முடிய ஒரு மாணவி 40 பிரசவம் வரை தன் கையால் பார்க்க வேண்டும். நம் மாவட்டத்தில் நர்ஸ் இல்லாத தெரு உண்டா? குவைத்திலும் சவுதியிலும் லண்டனிலும் இருந்து வருகிற பணத்தில் எத்தனை வீடு கான்கிரீட் ஆகியிருக்கிறது. அந்தப் பிள்ளைகள் எல்லாரும் யாரோ ஒரு தாயின் கட்டில் பக்கத்தில் நின்றுதான் கற்றார்கள். அந்தத் தாய்களின் ஊரில் யாரும் மனு எழுதவில்லை.

மருத்துவச்சி என்ற வார்த்தையை வசவு மாதிரிச் சொல்வதைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். சங்கத்தில் அறுபது தாண்டினவர்களில் பாதிப் பேர் வீட்டில் பிறந்தவர்கள், மருத்துவச்சிப் பாட்டிதான் எடுத்தார் என்று என் ஆச்சி சொல்லிக் கேட்டிருக்கிறேன். பிள்ளையை எடுக்க அவர் கை வேண்டும், அந்தக் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்க மாட்டோம். கூலியாக நெல்லும் எண்ணெயும் பின்வாசலில் வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். சாதியும் அந்த வேலையும் ஒட்டிக்கொண்டு வந்த அசிங்கம் அது, இன்றைக்கு அந்தப் பெயரைச் சொல்லும்போது வருகிற முகச்சுளிப்பிலும் அதுதான் இருக்கிறது. அதற்காகப் பழைய முறையை நான் தூக்கிப் பிடிக்கவில்லை. கையில் கிடைத்த கத்தியால் தொப்புள்கொடி அறுத்து ஜன்னி கண்டு போன பிள்ளைகளின் கதையும் ஆச்சி சொல்லியிருக்கிறார். திருவிதாங்கூர்க் காலத்திலேயே, பிறகு அங்கே சர்ஜன் ஜெனரலாக ஆன டாக்டர் மேரி புன்னன் லூக்கோஸ் மருத்துவச்சிகளின் பிள்ளைகளைக் கூட்டிப் பயிற்சி கொடுக்க முயன்றார். அவர்களை விரட்டுவதை விட்டுவிட்டுக் கற்றுக்கொடுப்போம் என்று அவருக்கு அப்போதே தோன்றியிருக்கிறது.

இன்னொரு குழப்பமும் உண்டு. மிட்வைஃப் என்றாலே வீட்டுப் பிரசவத்துக்கு ஆள்பிடிக்கிறவர்கள் என்று ஒரு நினைப்பு. 2018-இல் திருப்பூரில் யூடியூப் பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்த்து ஒரு பெண் இறந்த செய்தி வந்ததே, அதை இப்போது தேடி எடுத்துக் குழுவில் போட்டு, இப்படித்தான் ஆகும் என்று ஒருவர் எழுதியிருந்தார். அங்கே மிட்வைஃபும் இல்லை, நர்சும் இல்லை, பயிற்சி பெற்ற ஒருத்தரும் இல்லை. ரத்தம் போனபோது என்ன செய்வதென்று தெரிந்தவர் யாரும் அந்த வீட்டில் இல்லாததுதான் அங்கே நடந்த கொடுமை. அதை எங்கள் தலையில் கட்டுவது எப்படி நியாயம்?

சிசேரியன்தான் பாதுகாப்பு, நர்சுகள்தான் வலியைத் தாங்கு என்று கொடுமைப்படுத்துகிறார்கள் என்பதும் அடிக்கடி காதில் விழுகிறது. தேவைப்படுகிறவர்களுக்கு சிசேரியன் உயிர், அதை மறுத்தால் நான் இந்தப் படிப்பைப் படிக்கவே தகுதியில்லாதவள். ஆனால் 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 விழுக்காடு சிசேரியன், தனியாரில் மட்டும் எடுத்தால் 63.8. நாடு முழுக்கச் சேர்த்தால் 21.5-தான். ஒரு சமூகத்தில் இது பத்து விழுக்காட்டைத் தாண்டிப் போவதால் தாய் சேய் இறப்பு குறைவதாகத் தெரியவில்லை என்று 2015-இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. நாள் நட்சத்திரம் பார்த்து வயிற்றைக் கிழிக்கச் சொல்கிறவர்கள் நம் ஊரிலும் இருக்கிறார்கள், பெயர் சொல்ல வேண்டாம். பக்கத்தில் பொறுமையாக உட்கார ஆள் இருந்தால் இதில் எத்தனையோ தவிர்க்கலாம் என்பதை மூன்று மாத லேபர் வார்டு அனுபவத்தில் நானே பார்த்தேன்.

இப்போது உங்கள் பக்கம் இருக்கிற நியாயத்துக்கு வருகிறேன். இருக்கிறது. லேபர் வார்டில் கத்துவார்கள், திட்டுவார்கள். கேட்டுக் கேட்டு மரத்துப்போகிற அளவுக்கு. ஒரு பெண் வலியில் அம்மா என்று கத்தும்போது, "அப்ப தெரியல்லியா" என்று கேட்கிற ஆட்களை நானும் பார்த்திருக்கிறேன், அதைக் கேட்டுப் பேசாமல் நின்ற வெட்கமும் எனக்கு இருக்கிறது, மாணவி வாயைத் திறந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கும் தெரியும். அப்புறம், மாணவி உங்களைச் சோதிக்கலாமா என்று தாயிடம் எல்லா நேரமும் கேட்பதில்லை. திரையை இழுக்காமல் ஐந்து பேரைச் சுற்றி நிற்கவைத்துப் பாடம் எடுத்த நாளும் உண்டு, அந்த ஐந்து பேரில் ஒருத்தி நான். உங்கள் மனுவில் இது இருந்திருந்தால் 42-வது கையெழுத்தை நானே போட்டிருப்பேன்.

ஆனால் நீங்கள் எழுதியது அதுவல்ல. பெண்ணிடம் கேளுங்கள் என்று எழுதாமல், பெண்ணுக்குப் பதிலாக நாங்கள் சொல்கிறோம் என்று எழுதினீர்கள். 41 கையெழுத்தில் பெண்களுடையது நாலு. அந்த நாலு பேருக்கும் கடைசிப் பிரசவம் முடிந்து முப்பது வருடமாவது இருக்கும். அந்த இரவில் கட்டிலில் கிடந்த அக்காவின் கையெழுத்து இல்லை. ஏன் போடவில்லை என்று கேட்டேன். "எங்கிட்ட யாரு கேட்டா? அந்நேரம் நீ கையைப் பிடிச்சோண்டு நிக்கல்லன்னா நான் விழுந்திருப்பேன்" என்றார். மாமியார் பக்கத்தில்தான் இருந்தார், அவரும் ஒன்றும் சொல்லவில்லை, எனக்கு ஒரு பூவன்பழம் உரித்துக் கொடுத்தார்.

அந்த மாமியார் அன்று உள்ளே இருந்திருந்தால் இந்தக் கதையே கிளம்பியிருக்காது. பிரசவ நேரத்தில் பெண் உறவினர் ஒருவர் கூட இருக்கலாம் என்ற ஏற்பாட்டைத் தமிழ்நாடு 2004-இலேயே கொண்டுவந்தது. இடம் போதாது, கூட்டம் என்று ஏதாவது காரணம் சொல்லி அதை நடைமுறையில் பாதி நாள் விட்டுவிடுகிறார்கள். வெளியே பெஞ்சில் இருப்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது, ஒரு பிள்ளை ஓடுவது மட்டும் தெரியும். மிச்சத்தை அவர்களே நிரப்பிக்கொள்கிறார்கள்.

ஆகவே உங்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான்.

மாணவிகளை உள்ளே விடக்கூடாது என்ற கோரிக்கையை எழுத்து மூலம் திரும்பப் பெறுங்கள், வாயால் சொன்னால் மருத்துவமனையில் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அதற்குப் பதிலாக ஒவ்வொரு தாயிடமும் மாணவி தன் பெயரையும் எந்த ஆண்டு படிக்கிறாள் என்பதையும் சொல்லிச் சம்மதம் கேட்க வேண்டும், வேண்டாம் என்று சொன்னால் முணுமுணுக்காமல் விலக வேண்டும், திரை இழுக்க வேண்டும், ஒரே நேரத்தில் ஒரு மாணவிக்கு மேல் கூடாது என்று எழுதுங்கள். அதை எழுத உதவ நான் தயார். கூடவே உறவினர் ஒருவரை உள்ளே அனுமதிக்கும் ஏற்பாட்டைத் தினமும் நடத்தச் சொல்லியும், இரவில் இன்னொரு சிஸ்டரைப் போடச் சொல்லியும் கேளுங்கள், அதைக் கேட்கிற பலம் மாணவிகளுக்கு இல்லை, உங்களுக்கு இருக்கிறது. புதிய மனுவில் கையெழுத்து வாங்கும்போது மகளிர் குழுக்களிடமும் போங்கள், முக்கியமாகப் போன இரண்டு வருடத்தில் பிள்ளை பெற்றவர்களிடம்.

மாணவி பிள்ளையை இழுத்தாள் என்று குழுவில் ஆடியோ போட்டவர் அதை நீக்கிவிட்டு, நடந்தது வேறு என்று அதே குழுவில் ஒரு வரி போட வேண்டும். எனக்காகக்கூட வேண்டாம். அந்த அக்காவைப் பார்க்க வருகிறவர்கள் எல்லாம் பிள்ளைக்குத் தலையில் ஏதாவது அடிபட்டிருக்கிறதா என்று தடவிப் பார்க்கிறார்களாம்.

அடுத்த கூட்டம் ஞாயிறு நாலு மணிக்கு என்று கேள்விப்பட்டேன். அன்று எனக்கு நைட் டியூட்டி, ஆறரை பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும். அதற்குள் எப்போது கூப்பிட்டாலும் வந்து நிற்கிறேன், என்ன வேண்டுமானாலும் கேளுங்கள். பார்ட்டோகிராஃப் வெற்றுத்தாள் ஒன்று கொண்டுவருகிறேன், அரை மணிக்கு ஒரு புள்ளி எப்படிப் போடுவது என்று காட்டுகிறேன்.

இப்படிக்கு,
மூன்றாம் ஆண்டு ஜி.என்.எம். மாணவி,
உங்கள் ஊர்ப் பிள்ளை.